பதினேழை எடுத்தால் ஆறு முளைக்கும்

நகராட்சிக் கட்டடத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை தேர்தலில் நின்றபோது, வேண்டாத அனுமதிகளையெல்லாம் வெட்டி எறிவேன் என்று தெருத்தெருவாகச் சொல்லிக் கொண்டு போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அப்போது அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது. இப்போது வாசலில் வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிறவர்கூட, “மொண்ணைக் கத்திரி வந்தாச்சு, கூட்டம் ஆரம்பிச்சிடும்” என்று காதில் விழும்படியே சொல்கிறார். அவரும் கேட்டும் கேட்காதவர்போல் படியேறிப் போய்விடுவார். இரண்டாவது மாடி. முழங்கால் வலி வேறு.

தொழில் என்று பார்த்தால் குழாய் வேலை. காலையில் இரண்டு மூன்று வீடு, மதியத்துக்கு மேல் நகராட்சி. பையில் ஸ்பேனரும் பைப் ரெஞ்சும் தீர்மான நகல்களும் ஒன்றாகவே கிடக்கும். மன்றத்தில் அவர் நீட்டுகிற காகிதம் எதுவானாலும் ஓரத்தில் துருக் கறை இருக்கும்.

ஒரு மனுஷன் அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாமல் தன் வீட்டில் தன் கையால் ஒரு வேலை செய்தால், அதற்காக யார் முன்னாலும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம். புத்தகம் படித்து வந்ததல்ல. சொந்தமாகத் தொழில் தொடங்கிய வருடம் ஒரு கையெழுத்துக்காக ஒரே ஜன்னலுக்கு ஒன்பது தடவை அலைந்தார். ஐந்து தடவை ஆள் லீவு, மூன்று தடவை சீல் இல்லை, ஒன்பதாவது தடவை, “இதுக்கு நீங்க இங்க வரவே வேண்டியதில்லையே, அடுத்த கட்டடம்” என்றார்கள். அந்த ஜன்னலிலிருந்து திரும்பி நடந்தபோது மனதில் விழுந்த கோபம்தான் அவரைத் தேர்தலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர் உறுப்பினராக வந்தபோது அந்த நகரத்தில் ஐம்பத்து நான்கு வகை அனுமதிகள் இருந்தன. கடைக்கு வெளியே நாற்காலி போட ஒன்று, வீட்டில் தையல் மெஷின் வைத்துக் காசு வாங்க ஒன்று, குடை ரிப்பேர் செய்ய ஒன்று. எட்டு வருடத்தில் பதினேழை எடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் துணைக்குழு, சட்ட அதிகாரியின் குறிப்பு, முப்பது நாள் ஆட்சேப அறிவிப்பு, மறுபடி துணைக்குழு. குடை ரிப்பேருக்கு மட்டும் பதினோரு மாதம். இந்தப் பதினேழும் போவதற்குள் ஆறு புதிதாக முளைத்திருந்தன. ஆக, மிச்சம் நாற்பத்து மூன்று.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்றுதான் அவருடைய மனைவியின் தங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

புருஷன் விட்டுப்போனபின் அவள் மகளோடு இரண்டு அறை மாடி வீட்டில் இருந்தாள். சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டிவிடுவாள். கை சுத்தம். அழுகிற குழந்தையைக்கூடப் பேச்சுக் கொடுத்தே முடித்துவிடுவாள். ஆனால் விதிப்படி முடி வெட்டுவதற்குத் தெருவைப் பார்த்த வாசலோடு தனி அறை வேண்டும், இரண்டு வாஷ்பேசின் வேண்டும், அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒரு வருடம் படித்த சான்றிதழ் வேண்டும். அவளுக்கு இருந்தது மாடிப்படியும் ஒரு குழாயும். அந்தக் குழாயை மாட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

முதல் தடவை எச்சரித்து விட்டார்கள். இரண்டாவது தடவை ஆய்வாளர் வந்து அபராதச் சீட்டுக் கொடுத்ததோடு கத்தரிக்கோல்களையும் ஸ்டூலையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் நகராட்சி முழுக்க ஒரே சிரிப்பு. கத்திரி வீட்டிலேயே கத்திரி பறிமுதல் என்று.

அன்று மாலை அவள் அவர் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அக்கா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“என்னோடது எப்ப வரும் அத்தான்?”

“வரிசையில இருக்கும்மா. அடுத்த வருஷ லிஸ்ட்ல சேர்த்திருக்கேன்.”

“போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னீங்க.”

“கொஞ்சம் பொறு.”

“பொறுக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல அத்தான். ஸ்டூலைத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்களே, நின்னுக்கிட்டே பொறுக்கறேன்” என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் தன்னுடைய தீர்மானத்தைக் கொண்டுவந்தது அந்த மாதத்தில்தான்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கே சிக்னலில் நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, விதியே கூடாது என்று மேடையில் முழங்குகிறவர் என்று அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கத்திரியும் அவரும் முதல் தேர்தலில் ஒரே சைக்கிளில் நோட்டீஸ் ஒட்டியவர்கள். மாஸ்டருக்குப் பொறுமை குறைவு, நியாயம் அதிகம். நாற்பத்து மூன்று அனுமதிகளையும் ஒரே நாளில், ஒரே தீர்மானத்தில் ரத்து செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். மன்றத்தில் பதினொரு பேர். அவரையும் சேர்த்து ஐந்து பேர் அவர் பக்கம். ஐந்து பேர் எதிர்ப்பு. பதினொன்றாவது கை கத்திரியுடையது.

டிரைவிங் ஸ்கூல் அறையில் சாலைக் குறியீட்டுப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். வெளியே யாரோ கியர் மாற்றத் தெரியாமல் வண்டியை உறுமவிட்டுக் கொண்டிருந்தார்கள்.

“இதுல யோசிக்க என்னடா இருக்கு?” என்றார் மாஸ்டர். “நீ ஒண்ணு எடுக்கறதுக்குள்ள அவங்க ஒண்ணு நட்டுடறாங்க. உன் வேகத்துல போனா நம்ம பேரன் பேத்தி காலத்துலதான் முடியும். கை தூக்கு, மறுநாள் காலைல உன் மச்சினி கடை திறக்கலாம்.”

“அந்த நாப்பத்து மூணுல வாட்டர் ஹீட்டர் பரிசோதனையும் இருக்கு மாஸ்டர்.”

“இருக்கட்டுமே.”

“அதை மட்டும் வெளில எடு. மத்ததுக்கெல்லாம் நான் கை தூக்கறேன்.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். “ஒண்ணை விட்டா என் ஆளுங்க நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. ஏற்கெனவே ஒருத்தர் லிஃப்ட் பரிசோதனை இருக்கட்டும்கறார். அப்புறம் தீர்மானமே இருக்காது. எல்லாம், இல்லன்னா எதுவுமே இல்ல.”

கத்திரிக்குப் பழைய வீடொன்று நினைவுக்கு வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்த் தட்டினார்; திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து கதவை நெட்டித் திறந்தபோது குளியலறைத் தரையில் ஒரு மனிதர் தூங்குகிற மாதிரி கிடந்தார். கேஸ் ஹீட்டரின் புகைக் குழாயில் பறவை கூடு கட்டி அடைத்திருந்தது; விஷப்புகை அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. கூட்டை அவர்தான் கையை விட்டு வெளியே எடுத்தார். இறந்தவரின் கன்னம் ரோஜா நிறமாக இருந்தது. அந்த விதி அதற்குப் பிறகு வந்தது.

“பரிசோதனையை நகராட்சி ஆள்தான் செய்யணும்னு நானும் சொல்லல” என்றார் கடைசியில். “தொழில் தெரிஞ்ச எந்தக் குழாய்க்காரனும் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்னு மாத்துவோம். ரெண்டு வருஷம் பார்ப்போம். சரியா நடந்தா அதையும் தளர்த்தலாம். மெயின் வால்வை மூடாம பைப்பைக் கழட்டினா வீடு பூரா தண்ணிதான் மாஸ்டர்.”

“எதிர்ல லாரி வரும்போது பிரேக்கைக் கால்வாசி கால்வாசியா அமுக்குன்னு சொல்ற நீ” என்றார் மாஸ்டர். குரலில் கோபத்தைவிட அலுப்புத்தான் இருந்தது. “நீ அவங்களோட உக்காந்து உக்காந்து அவங்க மாதிரியே ஆயிட்ட.”

மறுநாள் மன்றத் தலைவி கூப்பிட்டு அனுப்பினாள். ஒரு காலத்தில் மருந்துக் கடை வைத்திருந்தவள். எல்லாரும் தலைவரம்மா என்பார்கள். ஒவ்வொரு விதிக்குக் கீழும் யாரோ ஒருத்தர் புதைந்திருக்கிறார் என்று அடிக்கடி சொல்வாள். அவளுடைய மேஜையில் கோப்புகள் இரண்டு பக்கமும் சுவர்போல நின்றன; நடுவில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

“உங்களுக்கும் எனக்கும் எட்டு வருஷமா ஆகாது” என்றாள். “ஆனா நீங்க கிறுக்குத்தனமா எதையும் செய்யமாட்டீங்க. மாஸ்டரோட தீர்மானத்துக்கு எதிரா கை தூக்குங்க. இந்தக் கூட்டத் தொடர்லயே நாலு அனுமதியை எடுத்துடறேன். எந்த நாலுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை. வீட்டில் முடி வெட்டுவது, வீட்டில் பாட்டு வகுப்பு, பழைய துணி வியாபாரம், சமைத்த சாப்பாட்டைப் பார்சல் கட்டி விற்பது.

“ஹீட்டர் பரிசோதனையை வெளி ஆளுங்களுக்கும் விடணும்.”

“அது முடியாது.”

“பேச்சுக்காவது எடுத்துக்குங்க.”

“பேச்சுக்கு எடுத்துக்கறேன்” என்றாள் தலைவரம்மா. அதன் அர்த்தம் இருவருக்குமே தெரியும்.

கூட்டம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நடந்தது. மின்விசிறி ஒன்று ஓடவில்லை. பார்வையாளர் பெஞ்சில் மனைவியும் மனைவியின் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வரச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. மாஸ்டர் இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு விதவை பூங்கொத்துக் கட்டி விற்க முடியாமல் அலைந்த கதையை அவர் சொன்னபோது தலைவரம்மாவே கீழே பார்த்துக்கொண்டாள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஐந்து கைகள் எழுந்தன. மாஸ்டர் திரும்பிக் கத்திரியைப் பார்த்தார். பார்வையாளர் பெஞ்சையும் ஒரு தடவை பார்த்தார்.

கத்திரியின் கைகள் இரண்டும் மேஜைமேலேயே இருந்தன. கட்டை விரல் நகத்தில் காலையில் குழாய் மூட்டில் பூசிய ஸீலன்ட் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பவர்கள் என்றதும் வலது கையைத் தூக்கினார். அது ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்குகிற மாதிரி கனத்தது.

வெளியே வந்தபோது மாஸ்டர் படியில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு மாஸ்டர் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

தலைவரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், முக்கால்வாசி. பாட்டு வகுப்பு, பழைய துணி, சாப்பாட்டுப் பார்சல் மூன்றும் அந்தத் தொடரிலேயே போயின. முடி வெட்டும் விஷயத்தில் சலூன் உரிமையாளர் சங்கம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று நான்கு பக்கம். ஆட்சேபம் வந்தால் துணைக்குழுவுக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி.

“நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?” என்றாள் தலைவரம்மா. “என் கைல இருந்தா செஞ்சிருப்பேன்.”

அவள் பொய் சொல்லவில்லை என்றே அவருக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது.

மாஸ்டரின் ஆட்கள் அவரைத் துரோகி என்றார்கள். சலூன்காரர்கள் அவரை ஊரைக் கெடுக்க வந்தவன் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சரி, ஆனால் மத்தளத்தை அடித்தால் யாராவது ஆடுவார்கள், பாடுவார்கள். இவரை அடித்தால் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பாட்டுக்குக் காலையில் சிங்க் அடைப்பு எடுத்தார், மதியம் துணைக்குழுவில் உட்கார்ந்தார். சங்கத் தலைவரின் சலூனுக்கே நான்கு தடவை போனார். நாலாவது தடவை அங்கே ஷாம்பூ பேசினில் தண்ணீர் இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது சங்கத் தலைவர், “கருவிகளைக் கொதிக்கவெச்சு எடுக்கணும்னு ஒரு வரி சேர்த்தா நாங்க ஒண்ணும் சொல்லல” என்றார். அந்த ஒரு வரிக்கு மட்டும் துணைக்குழுவில் மூன்று கூட்டம் ஆயிற்று.

ஆறாவது மாதம் மனைவியின் தங்கை வீட்டைக் காலி செய்தாள். இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. மகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். சாமான் ஏற்றுகிற அன்று அவர் போய் ஹீட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அவள் மூட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல். வண்டி போனபின் மனைவி வாசலில் நின்றபடி சொன்னாள்:

“அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்வீங்களே. நகரும்ங்க, நான் இல்லங்கல. ஆனா அரைக்க வந்தவ போயிட்டாளே.”

அன்று மாஸ்டர் பக்கம் கை தூக்கியிருந்தால் மறுநாளே இவள் கடை திறந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். கை தூக்கியிருந்தால் ஏதோ ஒரு குளியலறையில் யாரோ விழுந்திருப்பாரா என்பது மட்டும் தெரியாது. அந்த வருடம் நகரத்தில் ஹீட்டரால் யாரும் சாகவில்லை. சாகாத ஆளைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது?

அந்த வாக்கெடுப்பு முடிந்து பதினான்கு மாதம் கழித்து, வீட்டில் முடி வெட்டும் அனுமதியை எடுக்கிற தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தைப் படிக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு கைகளும் எழுந்தன. மாஸ்டரும் தூக்கினார். எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். ஆனால் முதலில் எழுந்த கை அவருடையதுதான் என்பதைக் கத்திரி கவனித்தார். அதே கூட்டத்தில் ஹீட்டர் விஷயம் ‘பேச்சுக்கு’ எடுக்கப்பட்டு, ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

மறுநாள் காலை வேலை எதையும் ஒப்புக்கொள்ளாமல் பஸ் ஏறினார். போனில் சொல்ல மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தாழ்வான ஒரு கட்டடம். உள்ளே ஆள் உயர மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஈர நீராவியும் சோப்பு நெடியுமாக மூச்சு முட்டியது. நீல மேலங்கி போட்டுக்கொண்டு அவள் இன்னொருத்தியோடு எதிரும் புதிருமாக நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு இரண்டு முனை, ஒரு உதறல், இரண்டு எட்டு முன்னால், மடிப்பு. அவரைக் கண்டதும் கையைக் காட்டி இரு என்றாள். இருபது போர்வை முடிந்தபின் வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“என்ன அத்தான், திடீர்னு? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்கா. நேத்து உன்னோட விதி போயிடுச்சும்மா. இனிமே யார் வேணும்னாலும் வீட்டுல முடி வெட்டலாம். அறை வேணாம், சான்றிதழ் வேணாம். கருவியைக் கொதிக்கவெச்சா போதும்.”

நகலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்த மாதிரி இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள். “ஒரு பக்கம்கூட இல்ல.”

“எடுக்கறது எப்பவுமே சின்னதாத்தான் இருக்கும்.”

சுவரோரம் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தார்கள். அவள் உள்ளங்கைகள் வெளுத்து, சுருங்கியிருந்தன.

“வந்துடறியா?” என்று கேட்டார். “அந்த மாடி வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு. விசாரிச்சுட்டேன்.”

“இங்க மாசம் பொறந்தா சம்பளம் வருது அத்தான். பொண்ணு இப்பத்தான் ரெண்டு சிநேகிதியைப் பிடிச்சிருக்கா. மறுபடியும் ஒரு தடவை எல்லாத்தையும் மூட்டை கட்ட என்னால ஆகாது.”

“புரியுது.”

“கோபம் இல்ல. முதல்ல இருந்துச்சு. அன்னைக்கு நீங்க கையைத் தூக்கினப்ப, எழுந்து வந்து அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கணும் போல இருந்துச்சு. நீங்க ஓடி ஓடிச் செஞ்சது எனக்குத் தெரியும். அக்கா சொல்லிக்கிட்டேதான் இருந்தா. ஆனா எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்காகன்னா அன்னைக்குச் செஞ்சிருக்கணும்.”

“சொல்லமாட்டேன்” என்றார். “ஆனா அன்னைக்கு மறுபடி வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். அதையும் உன்கிட்ட மறைக்கக் கூடாது.”

அவள் மெல்லத் தலையசைத்தாள். “தெரியும். அதனாலதான் கோபம் தங்கல.”

உள்ளே மணி அடித்தது. எழுந்தவள், நகலை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். “எங்க செக்‌ஷன்ல ஒருத்தி இருக்கா. அவ அண்ணி நம்ம ஊர்லதான். வீட்டுல முடி வெட்டிக்கிட்டு, பெல் அடிச்சாலே துண்டை ஒளிச்சுவெப்பாளாம். அவளுக்கு அனுப்பச் சொல்றேன்.” இரண்டு எட்டு போனவள் திரும்பி, “சாப்ட்டுட்டுப் போங்க அத்தான், எதிர்ல கேன்டீன் நல்லா இருக்கும்” என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாளைய துணைக்குழுவின் நிகழ்ச்சி நிரலை மடியில் விரித்துக்கொண்டார். முதல் விஷயம்: நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர்களுக்கான அடையாள அட்டை, புதுப்பிப்புக் காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைக்கப்படலாமா என்பது. அதாவது இனி வருடத்துக்கு நாலு தடவை வரிசையில் நிற்க வேண்டும். பேனாவை எடுத்து ஓரத்தில், ‘அட்டையே எதற்கு?’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டு, ‘மூன்று வருடமாக நீட்டலாம். வயதானவர்களுக்கு வேண்டாம்’ என்று எழுதினார். அதற்குள் கண் சொருகியது.

போன் அடித்ததில்தான் விழித்தார். மனைவி.

“பார்த்தீங்களா? என்ன சொன்னா?”

“வரலையாம்.”

“நல்லா இருக்காளா?”

“இருக்கா. இளைச்சுட்டா.”

“சரி, நீங்க எங்க இருக்கீங்க?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. “கொஞ்சம் தாண்டி வந்துட்டேன். நடந்து வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தார்.